நிஸ்தார் தந்த ‘ஐயா’

போன கிழமை நிஸ்தாரைப் பார்க்க சிலாவத்துறைக்குப் போயிருந்தேன், பிள்ளைகளே. என் சின்ன மகள் மெரினாவும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டாள்.

நிஸ்தாரும் நானும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் பழகியவர்கள். ஒரே சட்டியில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். யுத்தத்தில் அவன் குடும்பத்தை ஊரை விட்டுத் துரத்தினார்கள் — புத்தளம் போனான். நாங்கள் படகேறி இந்தியா போனோம். இப்போதுதான் இருவரும் திரும்பியிருக்கிறோம்.

கொட்டிலுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தவன் இறங்கி வந்தான். உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தான்.

“வாங்கோ ஐயா. கதிரையில இருங்கோ.”

ஐயாவா... எனக்கா?

இருந்தது ஒரே கதிரை. அதை எனக்குத் தந்துவிட்டு அவன் நின்றான்.

‘ஐயா’வை நான் குறை சொல்லவில்லை. ‘ஐ’ என்றால் தலைவன். அதிலிருந்து வந்த சொல் என்று வாத்தியார் சொல்லித் தந்திருக்கிறார். இந்தியாவில் வடநாட்டு ஆட்கள் பெயரோடு ‘ஜி’ சேர்ப்பார்கள். நாங்கள் ‘தகப்பனார்’, ‘மாமனார்’ என்று ‘ஆர்’ சேர்க்கிறோம். பெரியவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்த ஊரிலும் நா கூசும் போல! நல்ல பழக்கம்தான். அகதி முகாமில் ‘ஏய்’ என்று கூப்பிடப்பட்ட எனக்கு அதன் அருமை தெரியாதா?

ஆனால், நிஸ்தாரின் வாயில் அது எதற்கு? எனக்கு வேண்டியது என் பழைய கூட்டாளி அல்லவா?

மகள் அவனை “மாமா” என்றாள். அவன் முகம் மலர்ந்தது.

“மகள், உங்கட அப்பாவை முந்தி நான் என்னெண்டு கூப்பிடுறனான் தெரியுமோ?”

“என்னெண்டு மாமா?”

“ஐயோ, அதைச் சொன்னா உங்கட அம்மா எனக்குச் சோறு தரமாட்டா!”

மூன்று பேரும் சிரித்தோம். இதோ சொல்லிவிடுவான், அந்தப் பட்டப்பெயரை ஒருமுறையாவது சொல்லிவிடுவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

சொல்லவில்லை.

தேத்தண்ணி குடித்தோம். புறப்படும்போது நானே தொடங்கலாம் என்று நினைத்தேன். ‘டேய், வீட்டுப் பக்கம் வாடா’ — மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன். வாயைத் திறந்தால்...

“ஒருநாளைக்கு எங்கட பக்கம் வாங்கோ.”

“ஓம் ஐயா. கட்டாயம் வாறன்.”

மகளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

மரியாதை கொடுக்க ஒருவர் போதும், பிள்ளைகளே. அதைக் கழற்றி வைக்கத்தான் இரண்டு பேருக்கும் துணிச்சல் வேண்டும்!