பீரோ இடுக்கில் சோப்பு

எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுக்க ஒரே கேள்விதான். "போனாளா?" மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, மதியம் வீடு திரும்பிவிடுவாள். எனக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். அவள் உள்ளே நுழையும்போது நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்பேன். சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்ற பேச்செல்லாம் கிடையாது. செருப்பைக் கழற்றும் முன்பே "போனாளா?" என்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவள் முகம் சுருங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் மொபெட்டை எடுப்பேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதங்கள். சோறு என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள், பால் என்றால் பறந்து வருவாள். பிள்ளை வயிறு நிறைந்தால் போதும் என்று நாங்களும் பாட்டில் பாட்டிலாகப் பாலைக் கொடுத்தோம், மிச்சத்துக்கு பிஸ்கெட். ஒருநாள் காலை மலம் கல்லாக இறுகிப்போய்விட்டது. துளி ரத்தமும் வந்தது. அவள் அழுத அழுகையில் மாடியிலிருந்து வீட்டுக்காரரே இறங்கி வந்துவிட்டார். அன்றோடு அவள் வெளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. மறுநாள் தம்முடைய பிரிட்ஜிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். பின்பக்கமாக வைக்கும் மருந்து. "பிரான்சுல எல்லாத்துக்கும் இதான் தம்பி. ஜொரத்துக்கு இதான், இருமலுக்கும் இதான்" என்றார். அந்த ஊர்க்காரர்கள் வாயால் எதையும் விழுங்கவே மாட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை மாட்டித் தேதியைப் பார்த்தவர், அது காலாவதியாகிவிட்டது என்று அவரே திரும்ப எடுத்துப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து தினம் காலையில் பால்கனியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி "இன்னா தம்பி, போச்சா?" என்று விசாரிப்பார். மூலக்குளத்தில் எங்கள் தெருவில் என் மகள் வயிற்று நிலவரம் தெரியாத ஆள் கிடையாது. திராட்சையை ஊறவைத்துக் கொடு என்றார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவு என்றார்கள். பூவன்பழம், கொய்யா, வெந்நீர் எல்லாம் கொடுத்தோம். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது.

அப்புறம்தான் அக்கா வந்தாள். என் கூடப் பிறந்தவள், வில்லியனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அவள் முன்னால் எங்கள் படிப்பும் சம்பளமும் செல்லுபடியாகாது. பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். "இதுக்கா இத்தினி அமர்க்களம்? சோப்பு இருக்கா?" என்றாள். குளிக்கிற சோப்பில் விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டைக் கத்தியால் சீவி, பின்பக்கமாக வைக்கத் தண்ணீரில் நனைத்து வழவழப்பாக்கினாள். "நீ கையப் புடிச்சிக்க" என்றாள் என்னிடம். காலை மனைவி பிடித்துக்கொண்டாள். என் மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை முதலில். நான் விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

பலித்தது. அதுதான் கஷ்டம். பலிக்காமல் போயிருந்தால் அன்றோடு விட்டிருப்போம். வீடே சந்தோஷப்பட்டது, முசே கைதட்டினார், அக்கா காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். அடுத்த முறையும் அவளையே வரவழைத்தோம். அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடிக்கொண்டே போனது, ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் சோப்பு காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் குளியலறையில் இருந்த சோப்பு. பிறகு கைகழுவும் இடத்தில் இருந்த துண்டு. துவைக்கிற சோப்பில் பாதி. கடைசியில் உறை பிரிக்காத புது சோப்பு ஒன்று. சாக்கடை வழியாகப் பெருச்சாளி வருகிறது என்று மனைவி சொன்னாள். காக்கா சோப்பைத் தூக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். உறையோடு சோப்பு தின்னும் காக்காவை நான் பார்த்ததில்லை. எலிப்பொறி வாங்கி மசால்வடைத் துண்டைச் செருகி வைத்தேன். வடை காய்ந்து போனதுதான் மிச்சம், ஒரு எலியும் எட்டிப் பார்க்கவில்லை. மகள் வேறு குளிக்கும்போது சோப்பைக் கண்டாலே வீறிட்டாள். கண் எரிகிறது போல என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டினோம்.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. முன்னறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. பெரியவர்கள் கை மட்டும் நுழையும், அவள் ஆளே நுழைவாள். திடீரென்று விளையாட்டைப் போட்டுவிட்டு அங்கே ஓடுவாள். நுனிக்காலில் நிற்பாள், தொடை இரண்டையும் ஒட்டிக்கொள்வாள், சுவரைப் பிடித்துக்கொள்வாள். முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், நெற்றியில் வியர்க்கும். பாவம், எவ்வளவு முயற்சி செய்கிறது குழந்தை என்று எங்களுக்கு நெஞ்சு உருகும். நானும் மனைவியும் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து "முக்கு கண்ணு, முக்கு! அவ்ளோதான், வந்துடும்!" என்று உற்சாகப்படுத்துவோம். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு தளரும். ஒன்றும் வந்திருக்காது. களைத்துப்போய் எங்களைப் பார்ப்பாள்.

வயிறு பானையாகி, சாப்பாடும் நின்று, ஜட்டியிலே கசிவு மட்டும் தெரிய ஆரம்பித்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பேதியாகிறது, கட்டு விட்டது என்று அக்கா போனில் சொன்னாள். மனைவிக்கு அது சரியாகப் படவில்லை. டவுனில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். எல்லாம் கேட்டார். உள்ளே தேங்கியதைச் சுற்றிக்கொண்டு கசிகிறது, இது பேதி இல்லை என்றார். பிறகு, "முக்குறான்னு சொல்றீங்களே, அப்ப எப்படி நிப்பா?" என்று கேட்டார். சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. எழுந்து நின்று செய்து காட்டினேன். மீசை வைத்த ஆள், கம்பெனிச் சட்டையோடு, டாக்டர் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் தொடையை ஒட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க இப்ப அப்படி நிக்கிறீங்களே, உங்களால முக்க முடியுமா?" என்றார்.

முடியாது. நின்ற நிலையிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது.

"அவ வெளிய தள்ளல. வர்றத அடக்குறா. பெரிய ஆளுங்களாலயே முடியாது, இந்த வயசுல இவ்ளோ பலமா அடக்குறான்னா ரொம்பப் பயந்துபோயிருக்கா." சிரப் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைத் தானே பார்த்துப் பார்த்துச் சொல்வதாகவும், இளகிவிட்டது என்று நாங்களாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். பாலைக் குறைக்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகு கால் ஊன்றிக் கொஞ்ச நேரம் உட்காரப் பழக்கச் சொன்னார். "பின்பக்கம் யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது. யாரும் கேக்கவும் கூடாது. இன்னும் ஒரு தடவ வலிச்சா மறுபடியும் அடக்குவா, அப்புறம் ஆஸ்பத்திரியில படுக்க வச்சுத்தான் எடுக்கணும்." அந்தக் கடைசி வாக்கியம் வழி முழுக்க என் காதிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த இடுக்கைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். டார்ச் விளக்கை எடுத்துத் தரையோடு தரையாகப் படுத்து பீரோவின் அடியில் அடித்துப் பார்த்தேன். சுவர் ஓரமாகச் சோப்புகள் இருந்தன. குளிக்கிற சோப்பு, கைகழுவுகிற துண்டு, துவைக்கிற சோப்பின் பாதி, உறை பிரிக்காத புதுசு. வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றில் நகம் பதிந்திருந்தது.

அங்கேயே கிடந்தேன். எனக்கு அழுகை வந்தது, இதைச் சொல்வதில் கூச்சமில்லை. பேச்சு இன்னும் சரியாக வராத பிள்ளை. எங்களிடம் சொல்லத் தெரியாமல், தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். அவள் அங்கே நின்று அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் எதிரே உட்கார்ந்து கைதட்டியிருக்கிறோம். மனைவி வந்து பார்த்தாள். எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டாள். வேண்டாம், அவள் வைத்தது, அவளாக எடுக்கட்டும் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், பை நிறைய முருங்கைக்கீரையோடு. வாசலில் அவள் குரல் கேட்டதுமே மகள் இடுக்குக்குள் போய்விட்டாள். "எத்தினி நாளாச்சு? சோப்பு எடுத்தா" என்று அக்கா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை எதிர்த்து நான் பேசியதே கிடையாது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள்.

"வாணாம்க்கா. டாக்டர் செய்யக் கூடாதுன்னுட்டாங்க."

"டாக்டர் எத்தினி பெத்தாளாம்? நாலு பெத்தவ நான். என் புள்ளைங்க இன்னா கெட்டாப் பூட்டுதுங்க?"

"கெட்டுப்போவலக்கா. ஆனா இவளுக்கு வாணாம்."

"அப்ப உன் பொண்ண கொல்லவா நான் பஸ்ஸு புடிச்சி வந்தேன்?"

பேசிப் பயனில்லை. அவள் கையைப் பிடித்து பீரோவுக்கு அழைத்துப் போனேன். குனிந்து பாரு என்றேன். மகள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் காலடியில் சோப்புகள் இருந்தன. அத்தையின் முகம் தெரிந்ததும் இரண்டு கையையும் அகலமாக விரித்துக்கொண்டு அவற்றுக்கு முன்னால் வந்து நின்றாள். "வாணாம் அத்த" என்றாள். கத்தவில்லை, கெஞ்சினாள்.

அக்கா நிமிர்ந்தாள். கீரையை அடுக்களையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாள். பொங்கல் வரை வரவில்லை. அவள் கோபித்துக்கொண்டு போனாள் என்று மனைவி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் போய்ப் பார்க்கும் தைரியமும் வரவில்லை.

அதன்பின் கேட்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மனைவி வாசலில் வாயைத் திறந்து, திறந்தபடியே மூடிக்கொண்டு, "மழ வருமா?" என்பாள். முசேயிடம் போய் விஷயத்தைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாளிலிருந்து பால்கனியில் நின்று புருவத்தை மட்டும் உயர்த்துவார். நானும் புருவத்தாலேயே பதில் சொல்வேன். சிரப் வேலை செய்தது. ஆனாலும் பல வாரம் அவள் இடுக்கில் நின்றுதான், அவளுக்கே தெரியாமல், ஜட்டியிலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் எங்கள் கையைத்தான் பார்ப்பாள், அதில் என்ன இருக்கிறது என்று. நாங்கள் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவுவோம்.

ஒருநாள் காலை நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கால் ஊன்ற மணை போட்டு வைத்திருந்த அவளுடைய பிளாஸ்டிக் இருக்கையில் அவளாகவே போய் உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். "நீ வராத. அங்கயே இரு" என்றாள். உட்கார்ந்தேன். காய் நறுக்குகிறவனாக நடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, வலிக்கல" என்றாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்துக் குளியலறையில் குளிக்கிற சோப்பு திரும்ப இருந்தது. அப்புறம் துவைக்கிற சோப்பின் பாதி. பிறகு அந்தத் துண்டு. உறை பிரிக்காத அந்தப் புது சோப்பை மட்டும் அவள் தரவே இல்லை. சிரப்பை டாக்டரம்மா நிறுத்திய பிறகும், பால் பாட்டிலை அவளே வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பிறகும், அது அங்கேயே இருந்தது. எப்போதாவது டார்ச் அடித்துப் பார்ப்பேன். இன்னும் எங்களை முழுசாக நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கதிர்காமத்தில் வேறு வீட்டுக்குக் குடிபோனோம். சாமான் ஏற்றும் ஆட்கள் பீரோவை நகர்த்தினார்கள். மகள் குனிந்து, தூசியும் ஒட்டடையுமாகக் கிடந்த சோப்பை எடுத்தாள். உறை நிறம் மங்கிப்போயிருந்தது. மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இங்க பாரேன் சோப்பு! எலி இஸ்துகினு வந்து வச்சிருக்கு."

அவள் முகத்தையே பார்த்தேன். விளையாடவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டாள்.

"ஆமாம்மா, எலிதான்" என்றேன்.

புது வீட்டில் அவளே உறையைப் பிரித்து அதைக் குளியலறையில் வைத்தாள். அது கரைந்து தீரும் வரை நான் வெறும் தண்ணீரில்தான் குளித்தேன்.