வெறும் நடை

என் தம்பியின் மனைவி, திரைச்சீலை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டும் வேலை பார்த்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் மாஸ்டர். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. குழம்பில் உப்பு ஏறிவிட்டால் தம்பி, "மாஸ்டர், இன்னைக்கு அளவு தப்பிடுச்சு" என்பான். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க நாக்குதான் கோணல்" என்பாள் அவள்.

கவனக்குறைவால்தான் அவள் வெட்டுமேசையை இழந்தாள் என்று எங்கள் உறவினர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன். பட்டறையில் நடந்ததை அவளும் அவளுடைய உதவியாளரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியதை அவளிடம் படித்தும் காட்டினேன். ஓர் இடத்தில் மட்டும் திருத்தச் சொன்னாள். அது எந்த இடம் என்று பின்னால் சொல்கிறேன்.

அவளுக்கு அந்த வலி சிறுமியாக இருந்தபோதே வந்துவிட்டது. மாதவிலக்கு வந்த முதல் வருடத்திலேயே பள்ளிக்கூடக் கழிப்பறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். அவளுடைய அம்மா வந்து கூட்டிப்போகும் வழியில் சொன்னது: "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான்டி. உனக்கு மட்டும் என்ன தனியா வருதா?" அக்கா அதற்கு மேல் ஒரு படி போனாள். "இவளுக்கு வயிறு வலிச்சா தெருவுக்கே தெரியணும். நடிக்கப் போனா நல்லா வருவா."

அந்த அம்மாவும் அக்காவும் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு வந்த வலியை வைத்து இவள் வலியை அளந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்வது ஒரு பெண்ணுக்கு அழகில்லை என்று மட்டும் அவள் நினைக்கவில்லை; சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்புதான் அவளை அதிகம் கெடுத்தது.

சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் சமாளிக்கத் தெரிய வேண்டும். அதில் அவள் பெரிய கெட்டிக்காரி ஆனாள். கனமான திரைகளின் அடிமடிப்பில், துணி நேராகத் தொங்குவதற்காகச் சின்ன இரும்புக் குண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அந்தக் குண்டுகளில் கைப்பிடி அளவு எடுத்து, தடித்த துணியில் ஒரு பை தைத்து, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றி, மேலங்கிக்குள் அடிவயிற்றில் கட்டிக்கொள்வாள். நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும்.

"மாஸ்டர் வர்றது வாசல் வரைக்கும் கேக்குதே, இடுப்புல என்ன, உண்டியலா?" என்று தையல் பிரிவுப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"சாவிக்கொத்து. உங்க வாய்க்குப் பூட்டுப் போட எது சரியா இருக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

நாட்களையும் அவள் தன் கையில் வைத்திருந்தாள். வெல்வெட் போன்ற கடினமான துணிகளை நல்ல நாட்களுக்குத் தள்ளுவாள். வலி வரும் நாட்களில் உட்கார்ந்து அளவு குறிக்கும் வேலை, கத்தரியைச் சாணை பிடிக்கும் வேலை. நிற்கத்தான் வேண்டும் என்றால் மேசையின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் துணிமேல் குனிந்து கவனமாக அளப்பது போலத் தெரியும்.

கல்யாணம் ஆனபின் டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஒருவர் குடற்புண் என்றார். ஒருவர் குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். குழந்தை பிறக்கவில்லை. பிறக்காததற்கும் அந்த வலிதான் காரணமோ என்று அந்த டாக்டரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்த நேரத்திலும் யாராவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவனைக் கூப்பிடுவார்கள். குளியலறைத் தரையில் அவள் சுருண்டு கிடந்ததை அவன் பார்த்ததுண்டு. "சூட்டு வலி. நீங்க கிளம்புங்க, பாவம், உள்ள மாட்டிக்கிட்டவங்க மூச்சு முட்டப் போறாங்க" என்று அனுப்பிவிடுவாள். அவனும் போனான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் நாற்பதை நெருங்கும்போது வலி தன் நாட்களை விட்டுவிட்டது. விலக்கு முடிந்த வாரத்திலும் வந்தது, சம்பந்தமே இல்லாத நாளிலும் வந்தது. மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவது போல இருந்தது. அவள் நம்பியிருந்த கணக்கு பொய்த்துப்போனது. ஆனாலும் அந்தக் கணக்கை விட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு ஓர் அரங்கத்தின் மேடைத்திரை வந்தது. கருநீல வெல்வெட். அதுவரை அவ்வளவு உயரமான திரையை அந்தப் பட்டறை தைத்ததில்லை.

வெல்வெட்டைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கையைத் தடுக்கும். மேலே உள்ள பொடி மயிர் ஒரே திசையில் சாய்ந்திருப்பதுதான் காரணம். திசை மாறினால் அதே துணி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும். அதனால் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து ஒரு திரையாக்கும் பட்டிகள் எல்லாமே ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். துணி உருளையை ஒரு சக்கரவண்டியில் வைத்து, மேசையின் வாசல் முனையிலிருந்து சன்னல் முனைவரை விரித்துக்கொண்டே போவார்கள். சன்னல் முனையில் வெட்டியதும், வண்டியை விரிக்காமல் திரும்ப வாசல் முனைக்குத் தள்ளிவந்து, மறுபடி அங்கிருந்து தொடங்குவார்கள். துணி விரிக்காமல் திரும்பிவரும் அந்த நடைக்கு அவர்கள் வெறும் நடை என்று பெயர் வைத்திருந்தார்கள். சாதாரணப் பருத்திக்கு வெறும் நடை தேவையில்லை. போகும்போதும் விரிக்கலாம், வரும்போதும் விரிக்கலாம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வெல்வெட்டை ஒருவராக விரிக்கக் கூடாது. ஒவ்வொரு பட்டியையும் உதவியாளர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அவளுடைய உதவியாளரை நெட்டை என்பார்கள். கதவு நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வந்த நாள் கிடையாது.

அன்று காலை அவள் அதே திரைக்கான பருத்தி உள்துணியை வெட்டி முடித்தாள். மதியத்துக்கு மேல் வெல்வெட். முதல் பட்டி விரித்து நெட்டை "சரி" சொன்ன பிறகு வலி வந்தது. அவளுடைய கணக்குப்படி அது வரக்கூடாத நாள். குண்டுப் பையும் வீட்டில் இருந்தது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் யாரும் பார்க்காமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான். "நெட்டை, நீ போய் வளையங்களை எண்ணிப் பார்த்து எடுத்துட்டு வா" என்றாள்.

"இப்பவா? வெல்வெட் போட்டுக்கிட்டிருக்கோமே மாஸ்டர்."

"எனக்குத் தெரியாதா? போன்னா போ. குனிஞ்சு போ, நிலையை உடைச்சுடாதே."

அவர் போனார். அவள் சன்னல் முனையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள். காலையெல்லாம் பருத்திக்கு நடந்த கால்கள் அதே பழக்கத்தில் நடந்தன. வெறும் நடையை விட்டுவிட்டாள். சன்னல் முனையிலேயே வண்டியைத் திருப்பி அங்கிருந்து விரித்துக்கொண்டு வந்தாள். பாதி நடை மிச்சம். நெட்டை திரும்பி வந்தபோது எல்லாப் பட்டிகளையும் மடித்து அடுக்கியாகிவிட்டது. அளவில் துளி பிசகில்லை. தையல்காரப் பெண்கள் துணியின் பின்பக்கத்தைப் பார்த்துத் தைப்பவர்கள். மாஸ்டர் வெட்டி அடுக்கிய பிறகு யாரும் பிரித்துத் தடவிச் சோதிப்பதும் இல்லை.

திரையை மாட்டிய அன்று முதலாளியம்மாவும் அவளும் நெட்டையும் அரங்கத்தின் நடு வரிசையில் நின்றார்கள். மேலே ஏணியில் இருந்த மின்பணியாள் விளக்கைப் போட்டார். கருநீலம், வெளிர்நீலம், கருநீலம், வெளிர்நீலம். மேடை முழுக்கக் கோடு கோடாக.

"அட, வரிக்குதிரை மாதிரி நல்லாத்தான் இருக்கு! நீங்க கேட்டதே இதுதானா?" என்றார் மேலே இருந்தவர், நல்ல மனதோடுதான்.

நெட்டை மெல்ல, "நான் தடவிப் பாக்கலைம்மா. என் மேலயும் தப்பு இருக்கு" என்றார்.

முதலாளியம்மா அவரைப் பார்க்கவில்லை. "மாஸ்டர், இது நீங்க பண்ற தப்பு இல்லையே. புதுசா வந்தவங்ககூட இதைப் பண்ணமாட்டாங்க. அன்னைக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் முதலில் எழுதியபோது, முதலாளியம்மா கோபமாகக் கேட்டார் என்று எழுதியிருந்தேன். அவள் திருத்தச் சொன்ன இடம் இதுதான். "கோபமா கேக்கலை பெரியத்தான். தன்மையாத்தான் கேட்டாங்க. அதை அப்படியே எழுதுங்க" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவள் சொன்ன பதில்: "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. கவனிக்காம விட்டுட்டேன்."

"அப்ப நான் என்ன செய்ய? கவனிக்காதவங்க கையில இனிமே கத்தரியை எப்படிக் கொடுக்க?"

நோயாளி என்ற பேரைவிடக் கவனமில்லாதவள் என்ற பேர் பரவாயில்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வெட்டுமேசை நெட்டையிடம் போனது. அவள் வளையம் தைக்கும் மூலைக்குப் போனாள். திரையைப் பிரித்து, மாறியிருந்த பட்டிகளைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி தைத்தார்கள். வெல்வெட்டில் ஊசி போன தடம் மறையாது. அரங்கத்தில் கிட்டே போய்ப் பார்த்தால், ஒன்றுவிட்டு ஒரு பட்டியில், தரைக்குச் சற்று மேலே பழைய தையல் வரிசை இன்றும் தெரியும். நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் வளைய மூலையிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தம்பிதான் வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த பெண் டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இவளும் வழக்கமான பதில்களைச் சொன்னாள். பரிசோதிக்கும்போது அடிவயிற்றில் வலை விரித்தது போன்ற பழுப்புத் தடத்தை டாக்டர் பார்த்தார்.

"இது என்ன?"

"சூடு வைக்கிறது."

"தோல் இப்படி ஆகணும்னா பல வருஷம் வெச்சிருக்கணுமே. இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டா வேலைக்குப் போனீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் அழுதாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிறு துளை வழியாகக் கருவி விட்டுப் பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே வளர்வது. அவளுக்கு அது சூலகத்தையும் குடலையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. முடிந்ததை அகற்றினார்கள். முற்றாகத் தீரும் என்று டாக்டர் சொல்லவில்லை. மாத்திரை, இடுப்புத் தசைக்கான பயிற்சி, வலிக்கும் நாளில் ஓய்வு. இவற்றோடு வாழப் பழக வேண்டும் என்றார். முன்பே வந்திருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்காதோ என்று தம்பி கேட்டான். "சொல்ல முடியாது. ஆனா இத்தனை வருஷம் வலியைத் தனியாச் சுமந்திருக்க வேண்டியதில்லை" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து, அவளைப் படுக்கவைத்தபின் தம்பி கேட்டான். "என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"சொன்னேனே."

"சூட்டு வலின்னு சொன்னே."

"ஆமா. நீங்க நம்பற அளவுக்குத்தான் சொன்னேன்."

அவன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் தனக்குத் தெரிந்துவிடும், இது தெரியவில்லையே என்று மட்டும் சொன்னான்.

உடம்பு தேறியதும் அவள் முதலாளியம்மாவைப் பார்க்கப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளியம்மா கடைசிவரை கேட்டார். பிறகு, "அன்னைக்கு இதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாற்காலி போட்டிருப்பேன். வேற நாள் பாத்து வெட்டியிருப்போம். இப்ப மேசையை நெட்டைகிட்டேருந்து எப்படிப் பிடுங்க? அவன் ஒரு தப்பும் பண்ணலையே" என்றார்.

"பிடுங்க வேண்டாம்மா. உங்களுக்கு விஷயம் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

வெட்டும் அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நெட்டை நாற்காலி ஒன்றை மேசையோரம் இழுத்துப் போட்டார். "வெல்வெட் வர்ற நாள்ல மட்டும் வந்து உக்காருங்க மாஸ்டர். நான் நடக்குறேன், நீங்க தடவிப் பாத்துச் சொல்லுங்க."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. சூடான குண்டுப் பையை மடியில் எல்லாரும் பார்க்க வைத்துக்கொண்டு உட்காருகிறாள். வராத நாளில், "இன்னைக்கு வலி, வரலை" என்று போன் செய்து சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இன்னும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் தம்பியின் சாவியைக் கொடுக்க நான் பட்டறைக்குப் போயிருந்தேன். சிவப்பு வெல்வெட் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை சன்னல் முனையில் வெட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெறும் நடையாகத் திரும்பினார். அவள் உள்ளங்கையால் துணியைத் தடவி "சரி" என்றாள். அப்போது தையல் பிரிவிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி, "மாஸ்டர், உள்துணி எப்ப வரும்?" என்று நெட்டையைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் சட்டென்று தலையைத் திருப்பி வாயைத் திறந்தாள். அதற்குள் நெட்டை, "சாயங்காலம் வந்துடும்மா" என்று பதில் சொல்லிவிட்டார்.

அவள் வாயை மூடிக்கொண்டு, ஏற்கெனவே பார்த்து முடித்த பட்டியை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.