அழச் சொன்ன ஆய்வு

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஒரு பொதுமண்டபம். போர் விட்டுப்போன மனவடு பற்றிய ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு உளவியலாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். எதிரே முன்னாள் போராளியான ஒரு பெண், ஒரு கால் செயற்கைக்கால். முதுகு சுவரில் முட்ட, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கை செல்லடியில், எறிகணை விழுந்து செத்த நாளைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தார்.

உளவியலாளருக்கு அது போதவில்லை. "உணர்ச்சியே இல்லையே, இன்னொருமுறை சொல்லச் சொல்லுங்கள்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, முதல் இப்பிடி ஆய்வெண்டு வந்த ஆக்களுக்கு முன்னாலை நான் குளறி அழுதனான். பதிஞ்சுகொண்டு போனவை திரும்பி வரேல்லை. அழுகை வேணுமெண்டால் அவையிட்டைப் போய் வாங்கச் சொல்லும்."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

உளவியலாளரின் முகம் மலர்ந்தது. "அருமையான கோபம்! ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகவில்லை, இன்னொருமுறை சொல்வாரா?"

"என்னவாம்?" என்றார் அக்கா, கதவைப் பார்த்தபடியே.

"முடிஞ்சுதாம், நீங்கள் வீட்டை போங்கோ அக்கா" என்றேன்.