கருவாடு ஊறின தண்ணி

எங்க வூட்ல சாப்பாட்டைப் பத்தி காலேஜ்ல போய்ப் படிச்சவ நான் ஒருத்தி தான். மத்தவங்க எல்லாம் சும்மா சாப்பிட்டவங்க. இதை முதல்லயே சொல்லிட்றேன். அப்போ எனக்கு இருந்த திமிரு தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும்.

திருவொத்தியூர் கடலோரத்துல எங்க குப்பம். நைனா விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. அம்மா காசிமேட்ல மீன் எடுத்தாந்து தெருத்தெருவா விக்கும். நான் ஊட்டச்சத்து பாடம் எடுத்து ரெண்டாவது வருஷம் படிச்சிகினு இருந்தேன். என் தம்பி எனக்கு ஒரு வயசு சின்னவன், ஐ.டி.ஐ.யில கடைசி வருஷம். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் கப்பல் பைத்தியம். ஹார்பருக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலைக் கரையிலேர்ந்து பாத்தே அது எண்ணெய்க் கப்பலா கன்டெய்னர் கப்பலானு சொல்லுவான்.

அந்த வருஷம் மீனவர் பிள்ளைங்களுக்குனு கப்பல் பயிற்சியில ரெண்டு இடம் வந்துச்சு. ஆறு மாசப் படிப்பு, ஒரு பைசா கட்ட வேணாம், முடிச்சா கப்பல்ல வேலை. மார்க்கைப் பாத்து எடுத்தாங்க, என் தம்பி பேரு வந்துடுச்சு. குப்பமே அவன் முதுகுல தட்டிக் குடுத்துச்சு. அப்பால மெடிக்கலுக்குப் போனான். உயரத்துக்கு எடை பத்தலை, மூணு கிலோ கம்மினு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசி லிஸ்ட் போக ரெண்டு மாசம் இருக்கு, ஆறு வாரம் நல்லா சாப்பிட்டுட்டு வா, அதுக்குள்ள ஏறலைனா இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னாரு.

வந்ததும் வராததுமா பையைக் கூட இறக்கல, என் எதிர்ல வந்து குந்தினான். "எக்கா, நீ தானே இதுக்குப் படிக்கிற. எனுக்கு மூணு கிலோ ஏத்திக் குடு."

"இன்னாடா பெரிய மூணு கிலோ, அஞ்சே ஏத்தறேன்"னு சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

நேரம்னு ஒண்ணு கீதே. அவன் கேட்ட மறுவாரம் தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சு. வருஷா வருஷம் மீன் குஞ்சு பொரிக்கிற ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகெல்லாம் கட்டிப் போட்டாச்சுன்னா நைனாவுக்கு வருமானம் கிடையாது, அம்மாவுக்கு விக்க மீன் கிடையாது. அது கூட பரவால்ல. மத்த நாள்ல படகுல போறவனுக்குக் கூலியோட கறிக்குனு ஒரு பை மீன் தருவாங்க. எங்க வூட்டு சத்து மொத்தமும் அந்தப் பையில தான் வந்துகினு இருந்துச்சு. மீனே விலை குடுத்து வாங்காத வூடு எங்களுது. தடைக்காலத்துல மார்க்கெட்ல மீன் விலையைக் கேட்டா, மீன்காரி அம்மாவே மூக்கு மேல விரலை வெக்கும்.

கையில இருந்தது நான் தெருப் புள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்து வர்ற காசு. எனக்கு பஸ்ஸுக்கு எடுத்து வெச்சிட்டு மீதியில வாரத்துக்கு பத்து முட்டை, கொஞ்சம் வேர்க்கடலை, ரேஷன் துவரம் பருப்பு, ரேஷன் அரிசி, கேழ்வரகு. பக்கத்துத் தெரு முருங்கை மரத்துல கீரைக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க. பாலு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், அதுல தண்ணி எவ்ளோனு பால்காரருக்குத் தான் தெரியும். நோட்டுல கட்டம் போட்டு எழுதி எழுதிப் பாத்தேன். எப்படி மாத்தி மாத்திப் போட்டாலும் பத்தலை. ராத்திரி அந்த நோட்டை மூடி வெச்சிட்டு அழுதேன். அஞ்சு கிலோனு சொன்ன வாயி.

அப்போ தான் புக்குக்குப் பின்னால இருக்கிற அட்டவணையைப் பாத்தேன். எந்தெந்தப் பொருள்ல எவ்ளோ புரதம்னு வரிசையா போட்டிருக்கும். முட்டை, பருப்பு, கறி எல்லாத்தையும் தாண்டி மேல நிக்குது கருவாடு. எங்க வூட்ல பானை நிறைய கருவாடு. தடைக்காலத்துக்கு முன்னால விக்காம நின்ன வாளை மீனும் காரப்பொடி மீனும் அம்மா உப்புப் போட்டு மாடியில காய வெச்சி எடுத்து வெச்சிருந்துச்சு. காசே வேணாம். எனக்கு சந்தோஷத்துல தலைகால் புரியலை.

அம்மா கருவாட்டை எப்பவும் சுடு தண்ணியில ஊற வெச்சிக் கொட்டும், மறுபடியும் ஊற வெச்சிக் கொட்டும், அதுக்கப்புறம் தான் குழம்புல போடும். அன்னிக்கு நான் கையைப் புடிச்சேன்.

"ம்மா, சத்தெல்லாம் சாக்கடையில ஊத்துற நீ."

"அது சத்து இல்லடி, உப்பு."

"காய் வேக வெச்ச தண்ணியைக் கொட்டக் கூடாது. சத்து தண்ணியில எறங்கிடும். புக்குல கீது."

"காயி வேற, கருவாடு வேறடி."

"நீ படிச்சியா, நான் படிச்சனா?"

எங்க அம்மா மூணாவது தாண்டாதது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாம இருந்திருக்கலாம். அம்மா அடுப்பை என் கையில விட்டுட்டு வெளிய போய்டுச்சு.

அன்னிலேர்ந்து மண்ணு போக ஒரு அலசு, அவ்ளோ தான். ஊறின தண்ணியை அப்படியே குழம்புல ஊத்தினேன். குழம்புக்குத் தனியா உப்பே போட மாட்டேன், போட்டா வாயில வைக்க முடியாது. காலையில கேழ்வரகுக் கூழும் கருவாடும், மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஒரு முட்டையும், ராத்திரி கடலை, கீரை, மறுபடியும் குழம்பு. அம்மாவுக்கு ரெண்டு வருஷமா பிரஷர், மாத்திரை போடுது. அதனால அம்மாவுக்குக் கருவாடே கூடாதுனு சட்டம் போட்டு, அது பங்கையும் தம்பி தட்டுல தள்ளினேன். அம்மாவுக்கு உப்பு ஆகாதுனு தெரிஞ்ச எனக்கு, அதே அம்மா வயித்துல பொறந்தவனைப் பத்தி ஒண்ணுமே தோணலை. பதினெட்டு வயசுப் பையனுக்கு இன்னா பிரஷருனு இருந்துட்டேன்.

அவன் பாவம், தட்டுல எது விழுந்தாலும் துன்னான். "கரிக்குதுக்கா"னு ஒரு வாட்டி சொன்னான். தண்ணி குடிடான்னேன். சொம்பு சொம்பா குடிச்சான். தல கனமா கீதுன்னான். கத்திரி வெயில்ல எவனுக்குடா தலை லேசா இருக்கும்னு கேட்டேன். வாராவாரம் சாத்தாங்காட்டுல அவன் தோஸ்து வேலை செய்ற இரும்புக் கடையில போய் இரும்பு நிறுக்கிற தராசுல ஏறி நின்னு எடை பாத்துட்டு வருவான். ஏறுது. முக்கா கிலோ, அப்புறம் அரை கிலோ. மூஞ்சி பூசினாப்ல ஆச்சு. "புள்ள இப்போ தான் புள்ளையாட்டம் கீறான்"னு அம்மாவே சொல்லிச்சு. அப்போ பாரு எனக்கு வந்த பெருமை.

ஆறு வாரம் முடிஞ்சதும் ராயபுரத்துல இருக்கிற அந்த டாக்டர் கிட்ட நானும் கூடப் போனேன். தராசுல ஏறினான். டாக்டர் பாத்துட்டு, "பரவாயில்லையே, எடை சரியா இருக்கு"ன்னாரு. தம்பி திரும்பி என்னைப் பாத்து சிரிச்சான்.

அப்பால கையில பட்டையைச் சுத்தி பிரஷர் பாத்தாரு. நெத்தி சுருங்குச்சு. இன்னொரு கையில பாத்தாரு. பயந்துட்டியா தம்பி, போய் அரை மணி நேரம் ஃபேனுக்குக் கீழ படுனு அனுப்பினாரு. படுத்து எழுந்து வந்தான். மறுபடியும் அதே தான், நூத்தம்பதுக்கு நூறு.

"வீட்ல யாருக்காவது பிரஷர் இருக்கா?"

"அம்மாவுக்கு கீது சார்."

"சாப்பாட்ல உப்பு அதிகமா?"

தம்பி என் பக்கம் கையைக் காட்டினான். "எங்க அக்கா தான் சார் சமைக்குது. அது இதுக்கே காலேஜ்ல படிக்குது."

எவ்ளோ பெருமையா சொன்னான் தெரியுமா. டாக்டர் என்னை நிமிர்ந்து பாத்தாரு, ஒரு மரியாதையோட. அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஊறின தண்ணி, கொட்டாத தண்ணி, அம்மா சொன்னது, எல்லாம் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. வாயைத் தொறந்தேன். வந்தது இதான்:

"குழம்புக்கு உப்பே போடறது இல்ல சார்."

பொய் இல்லை. ஒரு கல்லு உப்பு நான் போட்டது இல்லை.

டாக்டர் தலையை ஆட்டிட்டு எழுத ஆரம்பிச்சாரு. எழுதிகினே சொன்னாரு: "உப்பு தான் காரணம்னா கவலையே இல்ல. லிஸ்ட் போக இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, உப்பைக் குறைச்சிட்டு வாங்க, மறுபடியும் பாக்கலாம்னு சொல்லிருப்பேன். உப்பே இல்லாம இந்த வயசுல இவ்ளோ இருக்குன்னா இது அம்மா வழியில வந்தது. நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது? இப்போதைக்கு நான் ஃபிட்னு எழுத முடியாது."

"சார்"னு கூப்பிட்டேன்.

"சொல்லும்மா."

பேனா நின்னுச்சு. தம்பி, நான் ஏதோ சொல்லி அவனைக் காப்பாத்திடுவேன்னு என் வாயையே பாத்துகினு நின்னான். அக்கா படிச்சவ. அக்கா பேசுவா. சொன்னா இவன் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்னு தான் யோசிச்சேன். சொல்லலைனா எப்படிப் பாப்பேன்னு யோசிக்கலை.

"ஒண்ணும் இல்ல சார்"னேன். பேனா மறுபடியும் ஓடுச்சு.

பஸ்ல அவன் தான் எனக்கு ஆறுதல் சொல்லிகினு வந்தான். "விடுக்கா. நீ ஒத்தாளா மூணு கிலோ ஏத்திக் காட்ன. இது உன் கையில இல்லியே." அந்த வாரமே இடம் அடுத்த குப்பத்துப் பையனுக்குப் போய்டுச்சு. மறு வருஷம் அந்த ரெண்டு இடமும் வரலை.

அன்னிக்கு சாயங்காலம் கருவாட்டை ரெண்டு தடவை ஊற வெச்சி, ரெண்டு தடவையும் தண்ணியைக் கொட்டினேன். யாரும் ஏன்னு கேக்கலை. தடைக்காலம் முடிஞ்சதும் தம்பி நைனாவோட படகு ஏறிட்டான். ஒரு மாசம் கழிச்சி துறைமுகத்துல இலவசமா பிரஷர் பாத்த ஒரு கேம்ப்ல கையைக் குடுத்தான், நூத்தி இருபதுக்கு எண்பது. "அந்த டாக்டரு மிஷின் தான் டுபாக்கூர் போல"னு சிரிச்சிகினே வந்து சொன்னான். அவன் மறந்துட்டான், இல்லை மறந்தாப்ல இருக்கான். நானும் சொல்லிட்றேன் சொல்லிட்றேன்னு எத்தனையோ நாள் பக்கத்துல போய் நின்னிருக்கேன். வலை பிரிச்சிகினே, "இன்னாக்கா"னு கேப்பான். சாப்ட்டியாடான்னு கேட்டுட்டு வந்துடுவேன்.

ஆனா அம்மா மறக்கலை. டாக்டர் சொன்னதை தம்பி வந்து ஒப்பிச்சான் பாரு, அம்மா வழியில வந்ததுனு, அன்னிக்கே அம்மா சுவத்துல சாஞ்சி குந்திடுச்சு. "என் நோவைத் தான் என் புள்ளைக்குக் குடுத்துக்கீறேன். அவன் கப்பலை நான் தான் கெடுத்துட்டேன்"னு திரும்பத் திரும்ப அதே தான். கேம்ப்ல சரியா வந்துச்சேனு தம்பி சொன்னாலும், அது உள்ள ஒளிஞ்சினு கீதுனு சொல்லுது. புள்ளை ரத்தம் நல்லாகணும்னு அம்மனுக்கு வேண்டிக்கிச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உப்பில்லாத சோறு சாப்பிட்றேன்னு. வருஷம் நாலாச்சு, ஒரு வெள்ளி தவறினது இல்லை. வெறும் சோத்துல உப்பில்லாத ரசத்தை ஊத்திப் பிசைஞ்சி, முகத்தைச் சுளிக்காம விழுங்கும்.

அந்தச் சோத்தைத் தனியா வடிச்சி, அம்மாவுக்குத் தட்டுல போட்டுத் தர்றது நான் தான்.