ஓலையா, கம்பியா?

என் மகள் ஸ்டெல்லாவுக்கு இந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கிடையாது என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

குற்றம்? இடிதாங்கியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்!

ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரை பிறந்தால் எங்கள் வானத்துக்குக் கோபம் வந்துவிடும். மழை ஒரு படி என்றால் இடி ஒரு மரக்கால். போன கோடையில் கோயில் மணிக்கூண்டை ஒட்டி நின்ற பனைமரம் இடி விழுந்து கருகியது. பங்குச் சாமியார் யோசித்தார். திருச்சிக்கு ஆள் அனுப்பி ஓர் இடிதாங்கி வாங்கிவரச் செய்தார்.

அது வந்த கதையே தனி. வானம் கறுத்திருக்கிறது, இந்தக் கம்பியை ஏற்றினால் பஸ் மேல் இடி விழும் என்று கண்டக்டர் விராலிமலை ரோட்டில் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார். ரஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு நாயையே அனுப்பியாயிற்று... எங்கள் இடிதாங்கி மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது.

வந்ததும் ஊர் இரண்டுபட்டது. ஏனென்றால் எங்களிடம் ஏற்கெனவே ஓர் இடிதாங்கி உண்டு — குருத்தோலை. குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். இடி முழங்கினால் அதில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொளுத்திப் புகை காட்டி, செபம் சொல்வோம். நானும்தான். ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் என்பதற்காக இடி எனக்கு மட்டும் சலுகை காட்டுமா என்ன?

உபதேசியார் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேச வகுப்பில் ஸ்டெல்லா எழுந்து நின்றிருக்கிறாள். "ஓலைய மந்திரிக்கிறதே கோயில்லதான். அந்தக் கோயிலுக்கே கம்பி வேணும்னா, ஓலை எதுக்குங்கய்யா?"

உபதேசியார் சவரிமுத்து நல்ல மனிதர். ஊரில் பாதிப் பேருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் புதுக் கேள்வி அவருக்கு ஆகாது. ஞானோபதேசப் புத்தகத்தில் கேள்வியும் அச்சடித்திருக்கிறது, பதிலும் அச்சடித்திருக்கிறது. அதற்குமேல் ஒன்றை எதற்குக் கேட்பது? ஒன்று ஓலையை நம்பு, இல்லையென்றால் கம்பியை நம்பு, ரெண்டுங்கெட்டான் பிள்ளைக்குப் புதுநன்மை கிடையாது என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் வாத்தியார் தூண்டுதல் என்று ஊரெல்லாம் சொல்லியும் வந்தார்.

வீட்டில் வெள்ளை கவுன் தைத்துத் தயாராக இருக்கிறது. பிள்ளையோ சாப்பிடவில்லை. மேகம், மின்சாரம், செம்பு என்று நான் விளக்கினேன். என் வகுப்புப் பையன்கள் எப்படி முழிப்பார்களோ அப்படியே முழித்தாள். கடைசியில் கேட்டாள்:

"நான் ஓலையத்தான் நம்புறேன்னு சொல்லிட்டா, நீங்க பொய் சொன்னதா ஆயிருமாப்பா?"

சண்டை போட்டது பெரியவர்கள். அப்பாவா, ஆண்டவரா என்று முடிவு செய்கிற வேலையை மட்டும் குழந்தை தலையில் கட்டிவிட்டோம்!

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு உபதேசியாரைச் சமாதானம் செய்யக் கிளம்பினேன். படத்துக்குப் பின்னாலிருந்த ஓலைச் சிலுவையைக் கையோடு எடுத்துக்கொண்டாள். அவரிடம் அதைக் காட்டி, இதைத்தான் நம்புகிறேன் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

கோயிலில் ஒரே கூட்டம். மணிக்கூண்டின் அடியில் குழி வெட்டியிருந்தார்கள். கம்பியிலிருந்து இறங்கும் செம்புப் பட்டையை அதில்தான் புதைக்க வேண்டும். கூடவே கரியும் உப்பும் கொட்டினால் மின்சாரம் மண்ணில் சுலபமாக இறங்கும். ஆனால் குழி, கரி, உப்பு, பக்கத்திலேயே கல்லறை... செய்வினைக்கு வேறென்ன வேண்டும்? வேடிக்கை பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

குழிக்குள் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். சாமியாரே வந்து கூப்பிட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். பக்கத்துக் கல்லறை அவருடைய அப்பாவுடையது.

"வானத்துல போற இடியக் கம்பி வச்சு இழுத்தாந்து, எங்கப்பா தலமாட்டுல எறக்கப் பாக்குறீங்களா சாமி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பியில் என்ன இருக்கிறது, வெறும் இரும்பு என்று இத்தனை நாளாகப் பேசிய மனிதர்! அந்தக் கம்பியை அவர் அளவுக்கு நம்பியவர் ஊரில் யாருமில்லை. நானே அவ்வளவு நம்பியதில்லை.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததை அவள்தான் பார்த்தாள். குழியோரம் குந்திக்கொண்டு, "தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா. இடிய மண்ணு வாங்கிக்கிரும். அப்பா சொன்னாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையிலிருந்த ஓலைச் சிலுவையைக் கல்லறைத் தலைமாட்டில் செருகினாள். "ஒங்களுக்குப் பயமா இருந்தா இதுவும் இருக்கட்டும்."

நான் நடத்திய பாடம் அவளுக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கு நடத்தத் தெரியாத பாடத்தை அவளே நடத்திவிட்டாள்.

சாமியார் குழியைத் தம் பங்களாப் பக்கமாக மாற்றி வெட்டச் சொன்னார். பிறகு குனிந்து, "இடிக்குக் கம்பி, பயத்துக்குச் செபம். ரெண்டையும் குடுத்தது ஒரே ஆண்டவர்தான், சவரிமுத்து. மேல வாங்க" என்றார்.

உபதேசியார் கையை நீட்டினார். நானும் ஸ்டெல்லாவும் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை நடந்தது. வெள்ளை கவுனோடு அவளை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தியவர் உபதேசியார்தான். இப்போது அவர் ஊருக்குச் சொல்கிற விளக்கம் என்ன தெரியுமா? பக்கத்தில் ஓலை இருப்பதால்தான் அந்தக் கம்பி வேலை செய்கிறதாம். சொல்லிவிட்டுப் போகட்டும்...

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "வாத்தியாரே, நம்ம கூரை வீட்டுக்கும் சின்னதா ஒரு கம்பி வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம் என்றேன். ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லவில்லை — மறுபடியும் கேள்வி கேட்டுவிடுவாள்!