நயவுரை சொல்லத் தெரியாத தம்பிராசா அண்ணை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கசற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் என்னுடைய றெக்கோடிங் பாரைத் திறந்து, சிக்குப்பட்ட கசற் ஒன்றின் நாடாவைப் பேனையால் சுற்றிக்கொண்டிருந்தேன். பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "வயலின் தம்பிராசா அண்ணை விடிய மோசம் போயிட்டார். நெஞ்சு வலியாம். வாகனம் பிடிக்க முந்தி எல்லாம் முடிஞ்சுது."

மறுநாள் இறுதிக் கிரியைக்குப் போகிற வழியெல்லாம் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "யாரையும் மனம் நோகப் பேசாத மென்மையாளர். எமது பக்திப் பாடல் ஒலிநாடாவை உளமாரப் பாராட்டிய இசைமேதை." கீழே அந்த ஒலிநாடாவை வெளியிட்ட முதலாளியின் பெயர், கொட்டை எழுத்தில். இரண்டும் பச்சைப் பொய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்ற துணிச்சல்தானே ஐயா இது! அவருக்குப் பதிலாக நான் மறுக்கிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில்தான் எனக்குப் பழக்கமானார். பின்னேரங்களில் கடைக்கு வந்து, புதிதாக வந்த கசற் எதுவென்றாலும் போடச் சொல்லிக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா போவாரா? அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போவார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு படப்பாட்டுக் கசற்றுக்குச் சனம் முண்டியடித்துக்கொண்டு நின்ற நேரம், "மெட்டு நல்லாத்தான் இருக்கு, காணும். ஆனா வயலின் அழவேண்டிய இடத்திலை ஒரு மிசின் அழுகுது. அழுறதுக்கும் ஆள் கிடைக்கேல்லையோ?" என்றார். வரிசையில் நின்றவர்களில் சிலர் பதிவு செய்யாமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

"அண்ணை, என்ரை பிழைப்பிலை மண்ணைப் போடுறியள்!" என்று கத்தினேன்.

"நான் போடேல்லை. மண் உந்தக் கசற்றுக்குள்ளை முந்தியே கிடக்கு."

சங்கீதம் படித்தவர், கர்நாடக இசையைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பார் என்று நினைக்க வேண்டாம். சிங்கள பைலாத் துள்ளல் பாட்டுக் கசற் ஒன்றைக் கேட்டுவிட்டு, "உவன் சந்தோசமாப் பாடுறான். தாளம் ஓரிடத்திலையும் வழுக்கேல்லை. எங்கடை வித்துவான்மார் சிலபேர் உவனிட்டைப் போய் இருந்து படிக்கவேணும்" என்றார். பல்கலைக்கழகப் பெடியன் ஒருவன் கொண்டுவந்த ஆங்கிலப் பாட்டுகளுக்கு, "கத்துறாங்கள்தான். ஆனா சுருதியிலை கத்துறாங்கள்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

பிறகு யுத்தத்தில் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வயலின்தான் வருமானம் என்றாகிவிட்ட அந்த நேரத்தில்தான் முதலாளியின் பிள்ளையார் பாடல்கள் வெளிவந்தன. அதற்கு வயலின் வாசித்தவர் அண்ணையேதான். வெளியீட்டு விழாவில் அவரையே நயவுரை ஆற்றவும் அழைத்தார்கள். நமது ஊரில் நயவுரை என்றால் என்ன? பொன்னாடை போர்த்தவரையும் பாயாசம் காய்ச்சினவரையும்கூடப் புகழ்ந்துவிட்டு இறங்க வேண்டும். அண்ணை எழும்பினார்.

"பிள்ளையாருக்குக் காது பெரிசு. உவ்வளவு எக்கோ போட்டுக் கூப்பிடத் தேவையில்லை" என்று தொடங்கினார். மண்டபம் சிரித்தது. "பாடின தம்பிக்கு நல்ல குரல். அவரைக் கிணத்துக்குள்ளை தள்ளிவிட்டுப் பாடச் சொன்ன மாதிரி இருக்கு. மூண்டாவது பாட்டிலை வயலின் சுருதி விலகிக் கிடக்கு. திருப்பி வாசிக்கிறன் எண்டு கேட்டன், நேரமில்லை எண்டிச்சினம். வாசிச்சவன் நான்தான். எனக்கு வெக்கமாயிருக்கு. உங்களுக்கு வெக்கமில்லாமல் விக்கிறியள்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி பல கோயில் திருவிழாச் செலவுகளை உபயமாக ஏற்று நடத்துகிறவர். அந்த வருடம் அண்ணையை ஒரு கோயிலும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. எரிச்சலில் பேசினார் என்று கதை கட்டினார்கள். தன்னுடைய வாசிப்பையே மேடையில் வைத்துக் கிழித்த மனிதருக்கு யார்மீது ஐயா எரிச்சல்? முதலாளி என் கடைக்கே ஆள் அனுப்பினார். பகிடிக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், திருவிழாக்கள் எல்லாம் திரும்பக் கிடைக்குமாம்.

"சுருதி சரியெண்டு ஆராவது வாசிச்சுக் காட்டட்டும். அங்கையே வந்து விழுந்து கும்பிடுறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் கடன் கேட்க வந்தவர் கேட்காமலே போனார்.

மின்சாரம் நின்று, பற்றரியும் கண்ணில் காணக் கிடைக்காத நாட்களிலும் அவர் வருகை நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் ஓடும். என் கை களைத்தால் பாட்டு இழுபடும். அப்போதும், "உது டைனமோவின்ரை பிழை இல்லை, பாடினவரின்ரை பிழை" என்று பிரித்துச் சொல்வார். இயக்கத்தின் எழுச்சிப் பாடல் கசற் ஒன்றைப் பற்றி, கடையில் யார் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல், "வீரம் குரலிலை இருக்கவேணும். உவை அதை ட்ரம்ஸிட்டை ஒப்படைச்சிட்டினம்" என்றார். நான் பெடலை விட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் மென்மையாளர் என்று சுவரில் ஒட்டினார்கள். அதோடும் விடவில்லை. செத்த வீட்டுக்குப் போனால், ஜெனரேற்றர் வைத்து, வேம்பில் ஒலிபெருக்கி கட்டி, முதலாளி நேரே வந்து அந்தக் கசற்றையே போடுவித்துக்கொண்டிருந்தார். "அமரர் மிகவும் விரும்பிய பாடல்கள்" என்று அறிவிப்பு வேறு! மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெட்கப்பட்ட அதே வயலின், அவருடைய தலைமாட்டில். செத்த வீட்டில் சண்டை பிடிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணையின் மனைவி பூமணி அக்கா, பாட்டைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்தறியாதவர், பிரேதத்தின் அருகிலிருந்து எழுந்து முற்றத்துக்கு வந்தார். அழுத குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவர் இருக்கேக்கை உதைப் போட்டால் எழும்பிப் போயிடுவார். இண்டைக்கு அவராலை எழும்பேலாது. நிப்பாட்டுங்கோ."

ஒலிபெருக்கிக்காரர் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. வயரைப் பிடுங்கினார். பிறகு ஒரு பாட்டும் போடவில்லை. அந்த அமைதியில் அவரைத் தூக்கினோம். போய் வாருங்கோ, அண்ணை.