சேர்ந்த மாதமே பொன்னாடை

கழுத்துக்கு மேலே புஷ்பவல்லி. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண். தலையில் சதுரத் தொப்பி, உடம்பில் கறுப்புக் கவுன், கையில் சுருட்டிய சான்றிதழ். அந்தக் கை விரல்களில் பளபளவென்று சிவப்பு நகப்பூச்சு. ‘எங்கள் தாமானின் பெருமை, பட்டதாரி திருமதி புஷ்பவல்லி லோகன் அவர்களுக்குக் கல்வி விழாவில் பொன்னாடை’ என்று மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு பேனர், மேரு சாலையிலிருந்து தாமான் குடியிருப்புக்குத் திரும்பும் முச்சந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கிய புஷ்பவல்லி அதைப் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து நகப்பூச்சு போட்டதில்லை. பட்டமும் வாங்கியதில்லை. கல்லூரியில் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் தேர்வில் தோற்றுப்போன தாள் அவள் கைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று, கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரைக்கும் ரயிலில் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். யாருக்கும் தெரியாமல் சேர்ந்தோம், யாருக்கும் தெரியாமல் நின்றுவிடலாம் என்பது அவள் கணக்கு. முச்சந்தியில் அவள் முகம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

புஷ்பவல்லிக்கு வயது நாற்பத்தாறு. ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். உதவியாளர் என்றால், வகுப்பில் ஆசிரியை பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், இவள் மூக்கைத் துடைத்துவிடுவாள். ஆசிரியை படம் வரையச் சொல்வார், இவள் கழிவறைக்குக் கூட்டிப் போவாள். பல வருஷம் இப்படியே ஓடியது. போன வருஷம் ஒரு ஆசிரியை திடீரென்று நின்றுவிட, இரண்டு மாதம் அந்த வகுப்பை இவள்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் பிள்ளைகள் “டீச்சர்” என்று ஓடி வந்தன. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு டிப்ளோமா முடித்த ஒரு பெண் வந்தாள், இவள் மறுபடியும் மூக்குத் துடைக்கப் போனாள். “டிப்ளோமா இருந்தா உங்களுக்கே அந்தக் கிளாஸ குடுத்திருப்பேன் அக்கா” என்று முதலாளியம்மா சொன்னதை இவள் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ரயிலேறிக் கே.எல். பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் நடக்கும் கல்லூரி. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தேறாதவள் என்றாலும், வேலை அனுபவத்தைக் காட்டினால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். அந்த ஆள் லோகன். அவளுடைய வீட்டுக்காரர், துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். ஆனால் லோகனிடம் ரகசியம் சொல்வது கோயில் ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி. ஒலிபெருக்கிக்காவது சுவிட்ச் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் புஷ்பவல்லி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்னாங்க, முச்சந்தியில என்னா அது?”

“பாத்துட்டியா?” லோகன் தே தாரிக் தேநீர்க் குவளையோடு பல்லெல்லாம் தெரிய எழுந்து வந்தார். “எப்படி இருக்கு? ஐ.சி. கார்டுல இருக்கிற படத்துலேருந்து வெட்டி ஒட்டுனாங்க. கொஞ்சம் கலரா விழுந்துட்ட.”

“கலரா விழுந்தேனா? அது என் கையே இல்லைங்க! நான் எப்பங்க பட்டதாரி ஆனேன்?”

“நான் ஒண்ணும் பொய் சொல்லல புஷ்பா. சுகுமாறன்கிட்ட நீ படிக்கிறேன்னுதான் சொன்னேன். அவருதான், ‘எப்படியும் முடிச்சிடப் போறாங்கல்ல, சேத்துப் போட்டுருவோம்லா’ன்னாரு.”

சுகுமாறன் கோயில் தலைவர். கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். அதனால்தானோ என்னவோ அந்தத் தாமானில் யாராவது தும்மினால்கூடக் கூடாரம் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் கல்வி விழாவில் ஒரு பட்டதாரிக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். இந்த வருஷம் படித்து முடித்த பிள்ளைகளில் ஒன்று சிங்கப்பூரில் இருந்தது, ஒன்று வர முடியாது என்று சொல்லிவிட்டது, இன்னொன்று போனையே எடுக்கவில்லை. பொன்னாடை வாங்கியாகிவிட்டது, தோள்தான் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து லோகன் வாயைத் திறந்திருக்கிறார்.

புஷ்பவல்லி பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஃபெயிலுங்க. மொத டெஸ்ட்டே ஃபெயிலு. நான் இனிமே போகப் போறதில்ல.”

லோகன் தாளைப் பார்த்தார். அப்புறம் குவளையைப் பார்த்தார்.

“சரி, விழா அடுத்த ஞாயித்துக்கிழமதானே. அதுக்கப்புறம் நின்னுக்கலாம்” என்றார். அன்று இரவு அவருக்குச் சோறு சமையலறையில் மூடி வைத்திருந்தது, அவராகவே போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் புஷ்பவல்லி பட்ட பாடு கொஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் வருமான வரிக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பின்வீட்டு அம்மா, மகனுக்குத் தொண்டையில் கட்டி, எந்த மாத்திரை நல்லது என்று கேட்டாள். பட்டதாரி என்றால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. முச்சந்தியில் தோசை சுட்டு விற்கும் பவுனம்மாள்தான் எல்லாவற்றுக்கும் மேலே. தாமானில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அந்தத் தோசைக்கல்லுக்குத் தெரியும்.

“என்னாடி புஷ்பா, சனிக்கெழம ஆனா பவுடர் போட்டுக்கிட்டு ரயில் ஏறுறியே, எந்த ஆம்பளையோன்னு நானும் நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். கடசில காலேஜாம்ல! இப்ப அந்த நாலு பேருகிட்டயும் போயி இல்லன்னு சொல்லணும், எனக்குத்தான் வேல.”

“சொல்லிடுங்கக்கா.”

“மூணு பேருகிட்ட சொல்லிட்டேன். ஒருத்தி நம்ப மாட்டேங்கிறா.”

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது தோற்றுப்போனதுகூட இல்லை, எப்படித் தோற்றாள் என்பதுதான். வகுப்பில் விரிவுரையாளர் முகுந்தன் குழந்தை உளவியல் எடுப்பார். இவளைவிடப் பதினைந்து வயது இளையவர். திரையில் ஆங்கிலத்தில் சிலைடு ஓடும், அவர் வாயில் ஆங்கிலம் அதைவிட வேகமாக ஓடும். நடுநடுவே நின்று “புரியுதா?” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இவளும் ஆட்டுவாள். முதல் வாரம் புரியாமல் ஆட்டினாள். இரண்டாம் வாரம், முதல் வாரத்தைக் கேட்டால் அசிங்கம் என்று ஆட்டினாள். நாற்பத்தாறு வயதில், பக்கத்தில் சின்னப் பெண்கள் உட்கார்ந்திருக்க, கையைத் தூக்கித் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தேர்வுத் தாள் தலையாட்டலுக்கெல்லாம் மதிப்பெண் கொடுக்கவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டாள்.

ஞாயிறும் வந்தது. கோயில் மண்டபம் நிறைந்து, வெளியே சுகுமாறனின் கூடாரமும் நிறைந்திருந்தது. அவர் பேச்சை ஆரம்பித்து, தம் கூடாரத் தொழிலின் வரலாற்றைத் தொட்டு, ஒருவழியாகப் புஷ்பவல்லியிடம் வந்து சேர்ந்தார்.

“இந்த வயசுல, இந்த அம்மா, பட்டம் வாங்கியிருக்காங்க! கைதட்டுங்க!”

கை தட்டினார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது. மாலையும் விழுந்தது. புஷ்பவல்லி வேலை செய்யும் பாலர் பள்ளியின் ஆசிரியைகள்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். “ரெண்டு வார்த்த சொல்லுங்க” என்று மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். லோகன் தூணுக்குப் பக்கத்திலிருந்து அதையே சைகையில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் அவள் பாலர் பள்ளிப் பிள்ளை ஒன்று அம்மா மடியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தது. அதன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“நான் பட்டதாரி இல்லைங்க” என்றாள் புஷ்பவல்லி.

மைக் நல்ல மைக். கூடாரத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

“பாலர் பள்ளி டீச்சர் ஆகணும்னு டிப்ளோமாவுக்குச் சேந்திருக்கேன், அவ்வளவுதான். சேந்து ஒரு மாசம் ஆவுது. மொத டெஸ்ட் எழுதுனேன், ஃபெயிலாயிட்டேன். சார் சொல்றது எனக்குப் புரியல. புரியலன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. பேனர்ல இருக்கிறது என் மூஞ்சி மட்டும்தான். மத்ததெல்லாம் யாருதுன்னு எனக்குத் தெரியாது.”

பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். சுகுமாறனின் முகம் வெந்த கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. புஷ்பவல்லி பொன்னாடையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அங்கேதான் வந்தது சிக்கல். சாமி முன்னால் போர்த்திய பொன்னாடையைத் திரும்ப வாங்கலாமா, கூடாதா? சுகுமாறன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விசிறியைப் பார்த்தார். பிறகு தலைவர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார்.

“போர்த்துனது போர்த்துனதுதாம்மா. எடுக்கிற பழக்கம் இங்க கெடையாது. அட்வான்ஸா வச்சுக்குங்க!”

மண்டபமே சிரித்தது. புஷ்பவல்லி பொன்னாடையை மறுபடியும் சுற்றிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தாள்.

ஓட விடவில்லை. சோற்றுப் பந்தியில் முதலில் வந்து மறித்தவள் பவுனம்மாள். வசவு வரப்போகிறது என்று புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏண்டி, எஸ்.பி.எம். பாஸ் பண்ணாம உன்ன எப்படிடி சேத்தாங்க?”

“வேல அனுபவம் இருந்தா போதும்னாங்கக்கா.”

“அப்ப என் மருமவ மலர சேப்பாங்களா? அவ ஒம்பது வருசமா நர்சரியில ஆயா வேல பாக்குறா. ஏய் மலர், இங்க வாடி! கேளு!”

மலர் வந்தாள். அவளுக்குப் பின்னால் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இன்னொருத்தி வந்தாள். எத்தனை வருஷம் படிக்கணும், இங்கிலீஷ் தெரியாட்டி என்ன ஆகும், வயசு பார்ப்பாங்களா, ஃபெயிலானா துரத்திடுவாங்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வருஷா வருஷம் மேடையேறிய பட்டதாரிகளிடம் இந்தத் தாமான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடும். தோற்றவளிடம்தான் கேட்க முடிந்தது.

“துரத்தல. திரும்ப எழுதலாமாம்” என்றாள் புஷ்பவல்லி.

“அடுத்த கிளாஸ் எப்பக்கா?” என்றாள் மலர்.

“சனிக்கெழம.”

சொல்லிவிட்டுத்தான், இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்திருந்தது நினைவுக்கு வந்தது. மலர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், வார்த்தையைத் திரும்ப வாங்க முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது லோகன் நாலு அடி பின்னாலேயே வந்தார்.

“தப்புதான் புஷ்பா. காலேஜ்ல சேந்துட்டேன்னு நீ வந்து சொன்ன அன்னிக்கே எனக்கு நீ முடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வாய அடக்க முடியல.”

“திரும்ப எழுதுறத மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சரி” என்றார் லோகன். கொஞ்ச தூரம் போனதும், “சுகுமாறன்கிட்ட மட்டும்?” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மனுஷன் வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் அதே மேல்மாடி, அதே ஓடாத குளிர்சாதனம். புஷ்பவல்லி பின்வரிசையில் தன் வழக்கமான இடத்தில், ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிஸ்வானா ரவாங்கிலிருந்து வருகிறவள், எப்போதும் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு எல்லாம் புரிகிறது என்று புஷ்பவல்லிக்கு ஒரு பொறாமை. முகுந்தன் வேகவேகமாக இரண்டு சிலைடு தள்ளிவிட்டு, வழக்கம்போல நின்றார்.

“புரியுதா?”

எல்லாத் தலையும் ஆடியது. புஷ்பவல்லியின் தலையும் பழக்கத்தில் பாதி ஆடிவிட்டது. அதை நிறுத்திக் கையைத் தூக்கினாள். அத்தனை பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சொன்னதை, இருபது பேர் முன்னால் சொல்ல என்ன இருக்கிறது?

“புரியல சார்.”

“எந்த இடம்க்கா?”

“மொத வாரத்துலேருந்து சார்.”

முன்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். முகுந்தன் அவர்கள் பக்கம் திரும்புவதற்குள் பக்கத்திலிருந்து ரிஸ்வானாவின் கை மேலே போனது.

“எனக்கும் புரியல சார். நான் சும்மா சிலைடத்தான் பாத்து எழுதிக்கிட்டு இருந்தேன்.”

அதற்கப்புறம் ஒரு கை. இன்னொரு கை. சிரித்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் கையும் மெல்லக் காது வரைக்கும் வந்து நின்றது.

“அப்ப இத்தன வாரமா எல்லாரும் தலையாட்டுனீங்களே?” என்றார் முகுந்தன்.

“அது மரியாதைக்கு சார்” என்றாள் புஷ்பவல்லி.

முகுந்தன் இடுப்பில் கை வைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். திரையை அணைத்தார். வெள்ளைப் பலகையைத் துடைத்து, பேனாவை எடுத்து, நடுவில் ஒரு குழந்தைப் படம் போட்டார். படம் கோணலாக வந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்து மெதுவாக, மிக மெதுவாக, முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தார். புஷ்பவல்லி இந்தத் தடவை எழுதவில்லை, கேட்டாள். ஒன்று பிடிபட்டது. பிடிபட்டதை ரிஸ்வானாவின் காதில் சொன்னாள். அவள் ஆமாம் என்றாள். முகுந்தன் அடுத்த படத்தைப் போட்டு அம்புக்குறி இழுத்தார்.

“இது?”

புஷ்பவல்லி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

“இது புரியல சார். இன்னொரு வாட்டி.”